ஆலிவ் எண்ணெய்யும் அந்த 0.3 சதவீதமும்

நேயர்களுக்கு வணக்கம்.

கடையில் எக்ஸ்ட்ரா வர்ஜின், அதாவது சுத்திகரிக்காமல் காயிலிருந்து நேரடியாகப் பிழிந்தெடுத்த உயர்தர, ஆலிவ் எண்ணெய் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால், சிலவற்றில் 'அமிலத்தன்மை 0.3 சதவீதம்' என்று அச்சிட்டிருக்கும். எண் குறையக் குறையத் தரம் கூடும் என்று பலரும் நம்புகிறார்கள். அதில் பாதிதான் உண்மை. மீதியை இன்று சொல்கிறேன்.

எண்ணெய் என்பது கிளிசராலோடு மூன்று மூன்றாகப் பிணைந்த கொழுப்பு அமிலங்கள். ஆலிவ் காய் நன்றாக இருக்கும்வரை அந்தப் பிணைப்புக்குக் கேடில்லை. காய் அடிபட்டாலோ, பூச்சி துளைத்தாலோ, பறித்த பிறகு குவியலாகக் கிடந்து சூடேறினாலோ, காயிலுள்ள நொதிகள் பிணைப்பை அறுத்துவிடும். அப்படி அறுந்து தனியே நிற்கும் அமிலத்தைத்தான் அளக்கிறார்கள். பிளஸ் டூ வேதியியல் படித்தவர்களுக்கு முறை பழக்கமானதுதான்: பியூரெட்டில் காரக் கரைசல், பினாப்தலீன் சில சொட்டு, இளஞ்சிவப்பு நிற்கும் இடத்தில் கணக்கு. 100 கிராம் எண்ணெய்யில் 0.8 கிராமுக்கு மேல் இருந்தால் எக்ஸ்ட்ரா வர்ஜின் என்ற பெயர் கிடைக்காது. இந்த அமிலம் நாக்குக்குப் புளிப்பாகத் தெரியாது, சோதித்தால்தான் தெரியும்.

ஆக, இந்த எண் காயின் பழைய கதையைச் சொல்கிறது. எண்ணெய் இன்று எப்படி இருக்கிறது என்று சொல்வதில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. கெட்ட எண்ணெய்யைச் சுத்திகரிக்கும்போது அந்த அமிலத்தையும் நீக்கிவிடுகிறார்கள். சுத்திகரித்த ஆலிவ் எண்ணெய்க்கு உலக அளவில் வைத்திருக்கும் உச்சவரம்பே 0.3தான்! நல்ல எண்ணெய்யில் இதைக் கலந்தால் அமில எண் அழகாக இறங்கும்.

அதனால்தான் புற ஊதா ஒளிச் சோதனை. எண்ணெய்யைக் கரைப்பானில் கரைத்து, 270 நானோமீட்டர் ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்ப்பார்கள். சுத்திகரிப்பில் சூடும் வெளுக்கும் மண்ணும் பட்ட எண்ணெய்யின் மூலக்கூறு அமைப்பு மாறிவிடுவதால், அந்த அளவு ஏறும். எக்ஸ்ட்ரா வர்ஜினுக்கு வரம்பு 0.22. பழைய எண்ணெய்யிலும் இது ஏறும் என்பதால், கலப்படத்தை உறுதிசெய்ய ஸ்டிக்மாஸ்டாடையீன் என்ற பொருளையும் தேடுகிறார்கள். வெளுக்கும்போதுதான் அது கணிசமாக உருவாகும். கிலோவுக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் கூடாது.

மிதமான சூட்டில் வாடையை மட்டும் நீக்கிக் கலப்பவர்களும் உண்டு. அவர்களைப் பிடிக்கும் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. புளித்த காயில் எத்தனால் உண்டாகும்; அது கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து எத்தில் எஸ்டர் ஆகும். வாடை போனாலும் எஸ்டர் அங்கேயே நிற்கும். கிலோவுக்கு 35 மில்லிகிராமைத் தாண்டினால் காய் புளித்தது என்பதற்கு அதுவே சாட்சி.

பெராக்ஸைடு எண், ஆக்சிஜன் பட்டு எண்ணெய் கெடத் தொடங்கியதைக் காட்டும். வரம்பு 20. இதைத் தனியாக நம்பக்கூடாது. பெராக்ஸைடு முதலில் ஏறும், பிறகு தானே சிதைந்து இறங்கும். நன்றாகக் காறிப்போன எண்ணெய்யிலும் எண் குறைவாக வரலாம்.

இவ்வளவையும் தாண்டிய எண்ணெய்யும் இன்னும் எக்ஸ்ட்ரா வர்ஜின் இல்லை. மாட்ரிட்டில் இருக்கும் சர்வதேச ஆலிவ் கவுன்சிலின் விதிப்படி, பயிற்சி பெற்ற 8 முதல் 12 பேர் சுவைத்துப் பார்க்க வேண்டும். நிறம் மனதைக் கெடுக்காதபடி நீலக் கண்ணாடிக் கோப்பை; எண்ணெய் 28 டிகிரிச் சூட்டில் இருக்கும். காறல், பூஞ்சை, புளிப்பு வாடை என்று குறைகளுக்கு ஒவ்வொருவரும் மதிப்பிடுவார்கள். அவர்கள் தரும் மதிப்பெண்களின் இடைநிலை, குறைகளில் சுழியாக இருக்க வேண்டும். பழ மணத்தில் சுழிக்கு மேல் வர வேண்டும். கசப்பும் தொண்டையில் ஏறும் காரமும் இங்கே குறையல்ல, குணம். அந்தக் காரத்துக்குக் காரணம் ஓலியோகாந்தால் என்ற பொருள். இபுப்ரோஃபென் என்ற வலி நிவாரணி மாத்திரையைப் போலவே அது வேலை செய்கிறது என்று கேரி பியூசாம்ப் குழுவினர் 2005இல் காட்டினார்கள்.

கருவி இருக்கும்போது மனித மூக்கு எதற்கு என்று கேட்கலாம். 2010இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில், இறக்குமதியான எக்ஸ்ட்ரா வர்ஜின் மாதிரிகளில் 69 சதவீதம் சுவைச் சோதனையில் தோற்றன. தோற்றவற்றில் பெரும்பாலானவை வழக்கமான வேதியியல் சோதனைகளில் தேறியிருந்தன. அந்த ஆய்வுக்கு உள்ளூர் உற்பத்தியாளர்களின் பணமும் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் கருவி விட்டதை மூக்கு பிடித்தது என்ற பாடம் மாறவில்லை.

சரி, வாங்குபவர் என்ன பார்ப்பது? குளிர்சாதனப் பெட்டியில் வைத்து உறைகிறதா என்று பார்ப்பது சோதனையே அல்ல. வேறு எண்ணெய்களும் உறையும், நல்ல ஆலிவ் எண்ணெய் உறையாமலும் இருக்கும். பாட்டிலில் அறுவடை ஆண்டு இருக்கிறதா என்று தேடுங்கள். ஆய்வறிக்கை காட்டினால் முதலில் தேதியைப் பாருங்கள். மாதிரி எடுத்த நாளுக்குத்தான் அது பேசும். அதற்குப் பிறகு கப்பலிலும் கிடங்கிலும் பட்ட வெயில் அதில் இருக்காது. கறுத்த கண்ணாடி பாட்டிலாக, சிறியதாக வாங்குங்கள். அடுப்புப் பக்கத்து அலமாரியில் வைக்காதீர்கள். திறந்த பிறகு ஓரிரு மாதத்தில் தீர்த்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.