மாலை போட்ட நாட்களில் மட்டும் எப்படி முடிந்தது?

(உலகப் புகையிலை ஒழிப்பு தினத்தன்று, மே 31-இல், திருப்பூரில் பனியன் தொழிலாளர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

இங்கே யார் யார் சிகரெட் பிடிக்கிறீர்கள் என்று கையைத் தூக்கச் சொல்ல மாட்டேன். நான் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் இப்படி ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். பேச வந்தவர் தூக்கச் சொன்னார், தூக்கினேன். அப்புறம் அவர் பேசியது எதுவும் காதில் விழவில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் என்னைப் பார்க்கிறார்களா என்பதிலேயே நினைப்பு நின்றுவிட்டது. கூட்டம் முடிந்ததும் வெளியே போய் ஒன்றைப் பற்ற வைத்தேன்.

நான் இதே ஊரில் கட்டிங் மாஸ்டராக இருந்தவன். 21 வயதில் தொடங்கி 22 வருடம் பிடித்தேன். ஒரு நாளைக்கு 14 சிகரெட். நைட் ஷிப்ட் என்றால் கணக்கே கிடையாது. 43 வயதில் விட்டேன், இப்போது 58. அதற்கு முன்னால் மூன்று முறை விட முயன்று முடியாமல் போனது. நான்காவது முறை எப்படி முடிந்தது என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு அறிவுரை சொன்ன எல்லாரும் ஒன்றைத்தான் சொன்னார்கள்: “மனசு வெச்சா முடியாதுங்களா மாஸ்டர்?” அக்கறையோடு சொன்னதுதான். ஆனால் அந்தப் பேச்சு எனக்குக் கெடுதல் செய்தது. ஒவ்வொரு முறை தோற்றபோதும், நமக்கு மன உறுதி இல்லை, நாம் இவ்வளவுதான் என்று எனக்கு நானே முத்திரை குத்திக்கொண்டேன். 2016-17இல் மத்திய அரசு எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பில், புகை பிடிப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள், 55 சதவீதம் பேர், விட வேண்டும் என்று நினைப்பதாகத் தெரியவந்தது. ஆக, விடுகிற ஆசைக்கு இந்த நாட்டில் பஞ்சம் இல்லை.

மன உறுதிக்கும் பஞ்சம் இல்லை என்று எனக்குப் புரியவைத்தது ஐயப்பன் மாலை.

நான் ஆறு முறை மாலை போட்டவன். கார்த்திகை முதல் தேதி போடுவேன். அந்த மண்டலம் முழுக்க ஒரு இழுப்பு கூட இல்லை. யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை, மருந்து மாத்திரை எதுவும் எடுக்கவில்லை. மலைக்குப் போய்த் தரிசனம் முடித்து, ஊர் திரும்பி, குருசாமி கையால் மாலையைக் கழற்றி, அன்று சாயங்காலமே டீக்கடையில் நிற்பேன். கையில் கிளாஸ், விரலிடுக்கில் சிகரெட். ஆறு வருடமும் இதே கதை. ரம்ஜான் மாதம் முழுக்க விடியலில் இருந்து மாலை வரை தொடாமல் இருந்துவிட்டு, நோன்பு திறந்ததும் பற்ற வைக்கிற நண்பர்களும் எனக்கு உண்டு.

இதை நினைத்துப் பாருங்கள். சிகரெட்டை நிறுத்தினால் உடம்பு படுகிற பாடு முதல் மூன்று நாட்கள்தான் உச்சம். எரிச்சல், தூக்கமின்மை, எதிலும் மனம் நிற்காமை எல்லாம் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்கிவிடும். அப்படியென்றால் மாலை கழற்றிய அன்று என் உடம்பு சிகரெட்டை எப்போதோ கைவிட்டிருந்தது. டீக்கடையில் நின்று நான் பிடித்தது உடம்பு கேட்டு அல்ல. அந்த இடம் கேட்டது. அந்த நேரம் கேட்டது. பக்கத்தில் நின்ற ஆட்கள் கேட்டார்கள்.

அப்போதுதான் வேறு மாதிரி யோசித்தேன். மாலை போட்ட நாட்களில் எது வேலை செய்தது? பக்தி ஒன்று, சரி. அதைத் தவிர என்னென்ன மாறியது? விடியற்காலை 4 மணிக்கு எழுந்து பச்சைத்தண்ணீரில் குளித்தேன். அதனால் ஐந்தரை மணி டீக்கடைக்குப் போகவே இல்லை. நான் வருவதைப் பார்த்ததும் கூட்டாளிகள் “சாமி வருது” என்று சிகரெட்டைப் பின்னால் மறைத்தார்கள். “சும்மா ஒரு தம் போடுங்க மாஸ்டர்” என்று நீட்ட ஒருத்தருக்கும் துணிவு வரவில்லை. சாப்பாடு மாறியது, படுக்கை மாறியது, சாயங்காலம் போகிற இடம் மாறியது. ஊருக்கே தெரியும், நான் விட்டிருக்கிறேன் என்று. ஆனால் அதற்கு ஒரு முடிவுத் தேதி இருந்தது. அந்தத் தேதிக்காக உள்ளே ஒருத்தன் காத்துக்கொண்டே இருந்தான்.

நான்காவது முறை நான் செய்தது இவ்வளவுதான். மாலை இல்லாமல், மாலை போட்ட நாட்களைக் கட்டி எழுப்பினேன். முடிவுத் தேதியை மட்டும் எடுத்துவிட்டேன்.

முதலில் ஒரு வாரம் விடவே இல்லை, எழுதினேன். கட்டிங் டேபிளில் கிடக்கிற, வெட்டும் அளவு வரைகிற மார்க்கர் பேப்பரில் ஒரு துண்டைக் கிழித்து, பாக்கெட்டுக்குள் சின்னப் பென்சிலோடு வைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றையும் பற்ற வைப்பதற்கு முன்னால் மணி, இடம், எதற்கு என்று மூன்றே விஷயம் குறித்தேன். “11.05, கடை, செக்கிங் அண்ணன் கூப்பிட்டார்.” “4.20, கடை, டீ.” “9.40, மொட்டை மாடி, சூப்பர்வைசரிடம் சண்டை.” வாரக் கடைசியில் எல்லாச் சீட்டையும் விரித்துப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். 14-இல் நானாகத் தேடிப் போனது ஐந்துதான். மற்றதெல்லாம் யாரோ நீட்டியது, டீயோடு ஒட்டிக்கொண்டு வந்தது, பஸ் வர நேரமானது. அந்த ஐந்திலும் காலையில் எழுந்ததும் பிடிக்கிற முதல் சிகரெட்தான் மற்ற எல்லாவற்றையும் கூட்டி வருகிறது.

காரணம் இருக்கிறது. இழுத்த புகையில் உள்ள நிகோடின் 10 முதல் 20 நொடிக்குள் மூளைக்குப் போய்விடும். சுமார் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். குறையக் குறைய ஒரு தவிப்பு. அடுத்ததைப் பிடித்ததும் தவிப்பு அடங்குகிறது, நாம் அதை ‘ரிலாக்ஸ்’ என்கிறோம். முந்தின சிகரெட் தந்தது கந்துவட்டிக் கடன், அடுத்த சிகரெட் கட்டுவது வட்டி. அசல் குறைவதே இல்லை. ராத்திரி முழுக்கத் தூங்கி எழும்போது நிகோடின் தரைமட்டத்தில் இருக்கும். அதனால்தான் எழுந்த அரை மணிக்குள் பற்ற வைத்தே ஆக வேண்டும் என்கிறவர்களுக்குப் பிடிப்பு இறுகிவிட்டது என்று மருத்துவர்கள் கணிக்கிறார்கள். உங்களில் அப்படி இருப்பவர்கள் வெறும் வைராக்கியத்தை மட்டும் நம்பி இறங்காதீர்கள். மருந்தின் துணையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நிகோடின் சூயிங் கம் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். “வாங்கிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை” என்று சொல்கிறவர்களில் பலர் தப்பாகத்தான் மென்றிருக்கிறார்கள். நானும் அப்படித்தான். மூன்றாவது முயற்சியில் கம் வாங்கி, பபிள் கம் போலக் கடகடவென்று மென்றேன். தொண்டை எரிந்தது, விக்கல் பிடித்தது, வயிற்றைப் பிரட்டியது. துப்பிவிட்டு நேராகக் கடைக்குப் போனேன். நான்காவது முறை ஒரு நர்ஸ் அம்மா எதிரில் உட்காரவைத்து மெல்லச் சொல்லிக்கொடுத்தார். “மெதுவா நாலஞ்சு கடி கடிங்க. நாக்குல மிளகு மாதிரி சுருக்குன்னு வரும். வந்ததும் நிறுத்திடுங்க. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வைங்க. சுருக்கு அடங்கினதும் மறுபடி நாலு கடி.” இப்படி ஒரு கம் அரை மணி நேரம். நிகோடின் வாயின் உட்தோல் வழியாகத்தான் ரத்தத்தில் சேர வேண்டும், விழுங்கினால் பயனில்லை. டீ, காப்பி, கூல்டிரிங்ஸ் குடித்த வாயில் அது சரியாகச் சேராது, அதனால் கால் மணி நேரத்துக்கு முன்னாலிருந்தே அவை வேண்டாம். 2 மில்லிகிராம் கம் மருந்துக்கடையிலேயே கிடைக்கும். எழுந்த உடனே பிடிப்பவர்களுக்கு 4 மில்லிகிராம் தேவைப்படலாம், அதை மருத்துவரிடம் கேளுங்கள். தோலில் ஒட்டுகிற பேட்ச் உண்டு. வரெனிக்லின், புப்ரோபியான் என்று மாத்திரைகளும் உண்டு, அவை மருத்துவர் சீட்டோடுதான்.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாமா, ஒரே நாளில் நிறுத்தலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தினர் 697 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்து, ஒரே நாளில் நிறுத்தியவர்களில் 22 சதவீதம் பேரும் படிப்படியாகக் குறைத்தவர்களில் 15.5 சதவீதம் பேரும் தொடாமல் இருந்தார்கள். ஆகவே தேதி குறித்து நிறுத்துங்கள் என்பதுதான் என் பக்கம். ஆனால் குறைத்துத்தான் என்னால் முடியும் என்பவரை நான் தடுக்க மாட்டேன். அவர்களிலும் விட்டவர்கள் இருக்கிறார்களே.

டீ விஷயம் ஒன்று சொல்லியாக வேண்டும், இது பலருக்குத் தெரியாது. சிகரெட் புகையில் உள்ள சில பொருட்கள், நாம் குடிக்கிற டீ, காப்பியில் உள்ள கஃபீனைக் கல்லீரல் வேகமாகக் கரைக்கும்படி செய்துவிடுகின்றன. சிகரெட்டை நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்துவிடும். அதே ஐந்து கிளாஸ் டீ இப்போது ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலை செய்யும். படபடப்பு வரும், தூக்கம் போகும். நாம் என்ன நினைப்போம்? ‘சிகரெட் இல்லாததால் இப்படி ஆகிறது’ என்று திரும்பப் போவோம். நிறுத்துகிற நாளில் இருந்து டீயைப் பாதியாக்குங்கள். என் மனைவி காலை ஐந்தரைக்கு வீட்டிலேயே சுக்குமல்லி காப்பி போட்டுக் கொடுத்தார். காப்பித்தூள் சேராத சுக்குமல்லி. அதைத் திண்ணையில் உட்கார்ந்து குடித்தேன். “இன்னைக்கு எத்தனை பிடிச்சீங்க?” என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. வீட்டில் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறேன். அந்தக் கேள்வி வந்தால் ஆள் ஒளித்துப் பிடிக்கத்தான் கற்றுக்கொள்வான். மாத்திரை சாப்பிடுபவர்கள் சிகரெட்டை விடப்போவதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், சில மருந்துகளின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும்.

விட்ட சில வாரம் இருமல் கூடலாம். மூச்சுக்குழாயில் புகையால் முடங்கிக் கிடந்த மென்மயிர்கள் மறுபடி வேலை செய்து சளியை வெளியே தள்ளுகின்றன. மலச்சிக்கல் வரலாம், எடை நாலைந்து கிலோ ஏறலாம். எனக்கு ஐந்து ஏறியது. இதற்கெல்லாம் பயந்து திரும்பிப் போகாதீர்கள்.

அந்த முதல் நாள் சாயங்காலம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கடைக் கம்பத்தில் சிகரெட் பற்ற வைக்கிற தீக்கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. நுனி கனன்று, கயிறு கருகுகிற வாசனை. கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. தவிப்பு பெரும்பாலும் ஐந்து, பத்து நிமிடத்தில் தணிந்துவிடும் என்று நர்ஸ் அம்மா சொல்லியிருந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், 6.10. சந்தின் கடைசி வரை நடந்து, தபால் பெட்டியைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். 6.16. தவிப்பு முழுக்கப் போகவில்லை, ஆனால் பிடியைத் தளர்த்திவிட்டது. அன்று மட்டும் நான்கு முறை அந்தத் தபால் பெட்டியைத் தொட்டேன்.

பதினோராவது நாள் வழுக்கினேன். துணியை அடுக்கி வெட்டும்போது அளவு தவறி, முழு அடுக்கும் வீணாகிவிட்டது. ஒன்று வாங்கிப் பிடித்தேன். முன்பெல்லாம் அத்தோடு “சரி, போச்சு” என்று முழு பாக்கெட் வாங்குவேன். இந்த முறை சீட்டை எடுத்து “5.30, அடுக்கு வீண்” என்று எழுதினேன். மறுநாள் காலை சுக்குமல்லி காப்பியோடு பன்னிரண்டாவது நாள் தொடங்கியது. ஒன்றாவது நாள் அல்ல, பன்னிரண்டாவது.

எதற்காக விட்டேன் என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால் என்கிற மருத்துவரும் கூட்டாளிகளும் 1951-இல் தொடங்கி 50 வருடம் மருத்துவர்களையே தொடர்ந்து கவனித்தார்கள். தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து வருடம் முன்னதாக இறந்தார்கள். 60 வயதில் விட்டவருக்கு மூன்று வருடமும், 50-இல் விட்டவருக்கு ஆறும், 40-இல் விட்டவருக்கு ஒன்பதும் திரும்பக் கிடைத்தன. இந்தக் கணக்கு எனக்குப் பிற்பாடுதான் தெரியும். என்னை அசைத்தது சென்னிமலைப் படிக்கட்டு. அப்பாவுக்கு அப்போது 70 வயது. அவர் எனக்கு முன்னாலேயே ஏறிப் போய் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார். நான் வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்ததும், துண்டை எடுத்து எனக்கு விசிறினார். ஒரு வார்த்தை பேசவில்லை. 43 வயது மகனுக்கு 70 வயது அப்பா விசிறுகிறார். அந்தக் காற்று இன்னும் என் முகத்தில் இருக்கிறது.

பீடிதான் பிடிக்கிறேன், அது இலைதானே என்பவர்களுக்கு ஒன்று. பீடி இலை காற்றை எளிதில் விடாது, அடிக்கடி அணையும். அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்கிறோம். சிகரெட்டுக்குக் குறையாத விஷம் உள்ளே போகிறது. வாயில் ஒதுக்குகிற புகையிலைக்கு மாறுவதும் விடுவது ஆகாது, வாய்ப் புற்றுநோய்க்கு அது நேர்வழி.

1800 112 356. இது மத்திய அரசின் இலவச எண், 2016-இல் தொடங்கியது. தமிழிலும் பேசலாம். இந்த எண் சிகரெட் அட்டையிலேயே அச்சாகியிருக்கிறது. ஆனால் நம்மில் பெரும்பாலோர் சில்லறையாக ஒன்றொன்றாக வாங்குகிறோம். அட்டை நம் கண்ணில் படுவதே இல்லை. அதனால் இப்போதே போனில் போட்டுக்கொள்ளுங்கள், நான் காத்திருக்கிறேன். 1800 112 356.

வெளியே டீ சொல்லியிருக்கிறது, பக்கத்து டிரம்மில் சுக்குமல்லி காப்பியும் இருக்கிறது. கடைசி வரிசை மேசையில் சீட்டும் சின்னப் பென்சிலும் வைத்திருக்கிறேன், யார் எடுத்தார்கள் என்று பார்க்க யாரும் நிற்கவில்லை. நான் வேப்பமரத்தடியில் இருப்பேன். கம் மெல்லுகிற விதத்தைப் பார்க்க வேண்டும் என்பவர்கள் அங்கே வாங்க, கூட உட்கார்ந்து காட்டுகிறேன்.