பழைய கேம் விளையாட எத்தனை வாட் போதும்?

வணக்கம். மேசையில் நான்கு பெட்டிகளை வரிசையாக வைத்திருக்கிறேன், பார்த்திருப்பீர்கள். இந்த ஓரத்தில் இருப்பது ராஸ்ப்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ, ஒரே பலகையில் அடங்கிய குட்டிக் கணினி. 65 மில்லிமீட்டர் நீளம், 30 மில்லிமீட்டர் அகலம், அவ்வளவுதான். அடுத்தது பை 4. அதற்கடுத்து அலுவலகம் ஒன்றில் ஓடிக் கழித்துவிட்ட மினி பிசி. கடைசியில் இன்டெல் என்100 ப்ராசஸர் போட்ட புதிய பெட்டி. பழைய கேம் விளையாட எதை வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் விளையாட நினைக்கும் கன்சோல்களில் கடைசியாக வந்தது எது? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சூப்பர் நின்டெண்டோ, மெகா டிரைவ், கேம் பாய் அட்வான்ஸ், முதல் பிளேஸ்டேஷன் வரைதான் என்றால் பை ஜீரோ 2 என்ற இந்தக் குட்டிப் பலகையே பெரும்பாலும் போதும். முதல் பிளேஸ்டேஷனின் ப்ராசஸர் சுமார் 34 மெகாஹெர்ட்ஸ். இதில் 1 கிகாஹெர்ட்ஸில் நான்கு கோர்கள், அதாவது ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் நான்கு பகுதிகள், இருக்கின்றன. நினைவகம் 512 எம்பிதான், ஆனால் இந்த வேலைக்கு அது குறையில்லை.

சரி, அடுத்தது நின்டெண்டோ 64. பலர் ஏமாறும் இடம் இது. 1996-இல் வந்த கன்சோல், 93.75 மெகாஹெர்ட்ஸ், அதனால் சுலபம் என்று தோன்றும். ஆனால் அதன் கிராஃபிக்ஸ் சிப்புக்கு கேம் தயாரித்தவர்களே தனி மைக்ரோகோட், அதாவது அந்தச் சிப்பை நேரடியாக இயக்கும் நிரல், எழுத முடிந்தது. எமுலேட்டர் என்பது பழைய கன்சோலைப் போலவே நடிக்கும் மென்பொருள். ஒரு கேமில் சரியாக ஓடும் எமுலேட்டர் இன்னொன்றில் தடுமாறுவது இதனால்தான். செகா சாட்டர்னில் இரண்டு முக்கிய ப்ராசஸர்கள், கூடவே துணைச் சிப்புகள். இவையெல்லாம் ஒன்றுக்கொன்று நேரம் தவறாமல் பேசிக்கொள்ள வேண்டும். ஆகவே கன்சோலின் வேகத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

அதே காரணத்தால் எமுலேட்டருக்குப் பல கோர்களைவிட ஒரு கோரின் வேகம் முக்கியம். ஒரு சிப்பின் வேலை முடிந்தால்தான் அடுத்ததன் வேலை நகரும் என்கிறபோது, வேலையைப் பிரித்துக் கொடுப்பது கடினம். எட்டு கோர் என்று அட்டையில் எழுதியிருந்தால் மயங்க வேண்டாம். அந்தக் கோர் எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்று பாருங்கள். பை 4-இன் நான்கு கோர்கள் பை ஜீரோ 2-இன் நான்கு கோர்களைவிட எவ்வளவோ மேல். ட்ரீம்காஸ்ட், பிஎஸ்பி கேம்களில் நிறைய அதில் நன்றாகவே ஓடும். பிளேஸ்டேஷன் 2-ஐ மட்டும் அதனிடம் கேட்காதீர்கள்.

பிளேஸ்டேஷன் 2, கேம்கியூப் வேண்டுமென்றால் என்100 பக்கம் வாருங்கள். அசல் ரெசல்யூஷனிலேயே விளையாடுவதாக இருந்தால் பல கேம்கள் ஓடும். அட்டையில் 6 வாட் என்று இருக்கும். அது ப்ராசஸருக்கு மட்டும். பெட்டி முழுவதும் விளையாடும்போது அதைவிட நன்றாகவே அதிகம் இழுக்கும். அலுவலக மினி பிசியையும் ஒதுக்கிவிடாதீர்கள். பெட்டி, அடாப்டர், நினைவகம், எஸ்எஸ்டி எல்லாம் சேர்ந்தே வருகிறது. பைக்கு இவற்றைத் தனித்தனியாக வாங்கிக் கூட்டிப் பார்த்தால் சில நேரம் பழைய மினி பிசியே மலிவாக முடியும்.

மின்சாரக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 5 வாட் இழுக்கும் பலகை 200 மணி நேரம் ஓடினால்தான் ஒரு யூனிட். 60 வாட் இழுக்கும் பழைய டவர் கணினி 17 மணி நேரத்துக்குள்ளேயே அதை முடித்துவிடும். எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் சத்தம். குறைந்த வாட் என்றால் சூடு குறைவு, விசிறி இல்லாமலே ஓட்டலாம். அந்தக் கால இசையைக் கேட்கத்தானே இவ்வளவும் செய்கிறோம்? பின்னால் விசிறி இரைந்துகொண்டே இருந்தால் மனசு ஒப்பாது.

இங்கே ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். பை 4 வாங்கிய புதிதில் கையிலிருந்த போன் சார்ஜரையே மாட்டினேன். கேம் விட்டுவிட்டு ஓடியது, பாட்டு இழுத்தது. இரண்டு வாரம் எமுலேட்டர் செட்டிங்ஸ் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் குறி வந்து வந்து போனதைக் கவனிக்கவில்லை. மின்னழுத்தம் போதவில்லை என்பதற்கான எச்சரிக்கை அது. அப்படி ஆனால் ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் மாட்டிய அன்றே எல்லாம் சரியானது. தயவுசெய்து அடாப்டரில் மிச்சம் பிடிக்காதீர்கள். அப்புறம், முறையாக ஷட் டவுன் செய்யாமல் பிளக்கைப் பிடுங்கினால் மெமரி கார்டு கெட்டுப்போகலாம். சேவ் ஃபைல்களை வேறிடத்தில் நகல் எடுத்து வையுங்கள்.

கையடக்கக் கருவி வாங்குபவர்கள் திரையைக் கவனியுங்கள். 640க்கு 480 திரையில் பிளேஸ்டேஷனின் 320க்கு 240 படம் சரியாக இரண்டு மடங்காக உட்காரும். கேம் பாய் அட்வான்ஸ் 240க்கு 160, அதில் முழு மடங்காக நிறையாது, புள்ளிகள் சீரற்றுத் தெரியும். அதற்கு 720க்கு 480 திரை வாய்த்தால் மூன்று மடங்கு, அச்சு அசலாகப் பொருந்தும்.

சரி, இந்தக் குட்டிப் பலகையில் பாட்டோசெரா என்ற, எமுலேட்டர்களோடு வரும் இயங்குதளத்தைப் போட்டு வைத்திருக்கிறேன். வாட் மீட்டரையும் கேமராவுக்குத் தெரியும்படி திருப்பிவிட்டேன். பொத்தானை அழுத்துகிறேன், எண்ணைப் பாருங்கள்.