இரவு உறைந்ததா?

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம். படைப்பணியில் பல ஆண்டுகளை இமயமலையில் கழித்தவன் என்பதால், கோடை விடுமுறையில் சிக்கிம், மணாலி என்று பனி பார்க்கப் புறப்படும் நம் பகுதிக் குடும்பங்களுக்குப் பனிச்சரிவைப் பற்றிச் சொல்லுமாறு என்னை அழைத்திருக்கின்றனர்.

பனிச்சரிவு என்றதும் நம் பக்கத்தில் நினைவுக்கு வருவது 2016 பிப்ரவரி 3. சியாச்சினில் ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் புதைந்த பத்து வீரர்களுள் ஒருவர் கிருஷ்ணகிரி மாவட்டத்தவர். அது கடுங்குளிர்காலத்தில் நடந்தது. நான் பேச வந்தது மார்ச், ஏப்ரல் மாதங்களில், வெயில் இதமாக அடிக்கும் பகலில் இறங்கும் ஈரப்பனிச் சரிவைப் பற்றி.

பகல் வெயிலில் மேற்பனி உருகி, அந்த நீர் உள்ளே கசிந்து, பனித்துகள்களுக்கு இடையிலுள்ள பிணைப்பைத் தளர்த்துகிறது. இரவில் அது மீண்டும் உறைந்தால் மேலே கெட்டியான பொருக்கு கட்டி, காலை வெயில் ஏறும்வரை சரிவு பெரும்பாலும் பிடித்து நிற்கும்; உறையாவிட்டால் விடியும்போதே ஆபத்து. நம் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழியில் வானம் தெளிந்த இரவில் குளிர் நடுக்குவதையும், மேகம் மூடிய இரவில் அவ்வளவு குளிராததையும் நீங்கள் அறிவீர்கள். மேகம் தரையின் வெப்பத்தை வெளியேற விடாது. பனிமலையிலும் அதே கதைதான். ஆகவே விண்மீன்கள் தெரிந்த இரவுக்கு அடுத்த காலை நல்லது, மேகம் கவிந்த இரவுக்கு அடுத்த காலையை நம்பக்கூடாது.

எங்கள் காவல்சாவடியில் ஒரு ஹவில்தார் இருந்தார். விடியுமுன் வெளியே சென்று பூட்ஸ் குதிகாலால் பனியை ஓங்கி மிதிப்பார். பொருக்கு தாங்கினால் அணி புறப்படும். கால் உள்ளே இறங்கினால், மண்ணெண்ணெய் தீர்ந்திருந்தாலும், மேலதிகாரி அவசரப்படுத்தினாலும், புறப்படாது. ஒருமுறை அவ்வாறு நிறுத்திவைத்த நாளில் சரிவு எதுவும் இறங்கவில்லை, நாங்கள் முணுமுணுத்தோம். அவர் பதில் பேசவில்லை; மறுநாளும் அதேபோல் மிதித்துப் பார்த்தார், பொருக்கு தாங்கியது, வெயில் ஏறுமுன் கடந்துவிட்டோம். எதுவும் நிகழாத அந்த நாளுக்காகவே அவரை நான் இன்றும் மதிக்கிறேன்.

மீண்டும் சொல்கிறேன்: இரவு உறைந்ததா என்பதே முதல் கேள்வி. அடுத்தது கடிகாரம். கிழக்கு நோக்கிய சரிவு முதலில் சூடேறும், பிறகு தெற்கு, பிற்பகலில் மேற்கு. சிறு பனி உருண்டைகள் தாமாக உருண்டு வந்தாலோ, கணுக்காலுக்கு மேல் கால் புதைந்தாலோ திரும்பிவிட வேண்டும். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளே பெரும்பாலும் இறங்குபவை. அவற்றின் அடிவாரத்தில் நின்று படம் எடுப்பதும் ஆபத்துதான். 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமின் நாதுலா சாலையில் சுற்றுலாப் பயணிகள் ஏழு பேர் இறந்தது நண்பகல் வேளையில்.

புதைந்தவரை மீட்பது பற்றியும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். நேரம் முடிவதாக நிலையத்தார் சைகை காட்டுகின்றனர். சுருக்கமாக ஒன்று: நின்றுபோன ஈரப்பனி ஆறிய களிபோல இறுகிவிடும், உள்ளிருப்பவரால் விரலைக்கூட அசைக்க இயலாது. முதல் பத்து, பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலோர் பிழைப்பர். அரை மணி கடந்தால் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும். ஆகவே உடனிருப்பவர்கள் உதவி தேடி ஓடாமல், புதைந்தவரைக் கடைசியாகக் கண்ட இடத்திலிருந்து கீழ்நோக்கி உடனே தேடத் தொடங்க வேண்டும். வணக்கம்.