பல்லவி அதேதான், பாடுகிறவர்தான் வேறு

நண்பர்களே, ஆட்களை ஏமாற்றியோ மிரட்டியோ சுரண்டும் ஆள்கடத்தல் பற்றிய ஒரு குற்றக் கதையைப் பாட்டுக்குப் பாட்டு தொடர்ந்து சொல்லிக்கொண்டு போகும் கான்செப்ட் ஆல்பம் எப்படி இருக்க வேண்டும் என்றுதான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஆல்பத்தில் குற்றக் கதை சொல்வது புதிதல்ல. 1988-இல் அமெரிக்க ராக் குழுவான குயின்ஸ்ரைக் வெளியிட்ட 'ஆபரேஷன்: மைண்ட்கிரைம்' அப்படிப்பட்டதுதான். மருத்துவமனையில் கிடக்கும் கதாநாயகன் நிக்கி நடந்ததையெல்லாம் நினைத்துப் பார்க்கிறான். அதில் மேரி என்றொரு பெண். பாலியல் தொழிலில் சிக்கி, பிறகு கன்னியாஸ்திரி ஆனவள். பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒரு பாட்டில் பமீலா மூரின் குரலில் அவளே வந்து பாடுகிறாள். ஆல்பத்தில் என்னை உலுக்கிய இடம் அது. ஆனாலும் கதை நிக்கியுடையது. அவளுடைய சாவுகூட அவனுடைய துக்கமாகத்தான் நம் காதுக்கு வருகிறது. கடத்தப்பட்டவளின் கதை அவள் கையிலேயே இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

சரி, எங்கே தொடங்குவது? வேன், கயிறு, அலறல் என்று தொடங்கத்தான் கை போகும். நிஜத்தில் பல கதைகள் ஒரு நல்ல சேதியோடு தொடங்குகின்றன. தெரிந்தவர் ஒருவர் வந்து, "நல்ல வேலை, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். அதையே பல்லவியாக வையுங்கள். முதல் பாட்டில் தரகர் அதைக் கனிவாகப் பாடட்டும். வேலைக்குப் போன பெண்ணின் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, பயணச் செலவையும் சாப்பாட்டையும் அவள் பெயரில் கடனாக எழுதிய பிறகு, தொலைபேசியில் அம்மாவிடம் அவளே பாடட்டும்: "நல்ல வேலைம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன்." அப்புறம் மூன்றாவது முறை. கடனைக் கழிக்க இன்னொருத்தியை அழைத்துவரச் சொல்கிறார்கள். அதே மெட்டை அவள் ஒரு புதுப் பெண்ணிடம் பாடுகிறாள். சிக்கியவர்களைக் கொண்டே மற்றவர்களைச் சிக்கவைப்பது உண்மையில் நடக்கிறது. இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல நாவலால் முடியாது, மெட்டால் முடியும்.

இன்னொன்று. விபசார விடுதி மட்டுமே களம் என்று நினைத்துவிட வேண்டாம். 2021-இல் உலகில் 2 கோடியே 76 லட்சம் பேர் கட்டாய உழைப்பில் இருந்ததாக சர்வதேச தொழிலாளர் அமைப்பு மதிப்பிட்டது. அதில் பாலியல் சுரண்டலில் இருந்தவர்கள் 63 லட்சம் பேர். தனியார் துறையின் மற்ற வேலைகளில் 1 கோடியே 73 லட்சம் பேர். வயலும் மீன்பிடிப் படகும் வீட்டுச் சமையலறையும் இந்தக் கதைக்குள் வர வேண்டியவை.

முடிவாக மீட்பு வேண்டாம். கதவை உடைத்ததும் கிட்டார் உச்சத்துக்குப் போய் ஆல்பம் முடிவது எனக்கு ஒப்பவில்லை. அதற்குப் பிறகு விசாரணை இருக்கிறது. "நீயாகத்தானே போனாய்?" என்று கேட்பார்கள். ஆள்கடத்தலுக்கு எதிரான ஐ.நா.வின் 2000-ஆம் ஆண்டு பாலெர்மோ நெறிமுறை இதற்குப் பதில் வைத்திருக்கிறது: ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கிய சம்மதம் கணக்கில் வராது. சிறுவர் என்றால் ஏமாற்றியதைக்கூட நிரூபிக்க வேண்டியதில்லை. கடைசிப் பாட்டில் அந்தப் பதிலை வழக்கறிஞர் வாயில் கொடுத்துவிடாதீர்கள். சாட்சிக் கூண்டில் நின்று அவளே பாடட்டும்.