மனு பார்க்க ஆள் வராத பெண்கள்

(காட்சி: தங்கச்சிமடம் கடற்கரை, அதிகாலை. கரையில் கிடக்கும் வள்ளங்கள். குரல் மட்டும்.)

வணக்கம். இந்தக் கரையில் யாரிடமாவது "ஜெயில்" என்று சொல்லிப் பாருங்கள். "யாழ்ப்பாணமா, வவுனியாவா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். கடலுக்குப் போன ஆண்களை இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டால் படகுகள் கரையில் நின்றுவிடும், சாலை மறியல் நடக்கும், கோயிலில் ஜெபம் நடக்கும். ஊரே அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும்.

அதே தெருவில் ஒரு பெண் கைதானால் கதவைச் சாத்திக்கொள்வார்கள். "அம்மா மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா" என்று பிள்ளைகளிடம் சொல்வார்கள். அதில் மதுரை மட்டும்தான் உண்மை.

அந்தப் பெண்களைப் பார்க்கப் போகிற கிறிஸ்தவ சிறைப்பணியில் சேர நினைக்கிறவர்களுக்காக இந்த வீடியோ.

(வரைபடம்: ராமேஸ்வரத்திலிருந்து மதுரை வரை ஒரு கோடு.)

தமிழ்நாட்டில் பெண்களுக்கான தனிச் சிறைகள் புழல், வேலூர், திருச்சி, கோவை, மதுரை என்று விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கின்றன. நம் பக்கத்துப் பெண்களைப் பெரும்பாலும் மதுரைக்குத்தான் கொண்டுபோகிறார்கள். ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 170 கிலோமீட்டர். பாசி எடுத்தும் கருவாடு விற்றும் பிழைக்கிற ஒரு தாய் மகளை மனு பார்க்கப் போனால் அன்றைய வருமானம் போச்சு, பஸ் செலவு தனி. (ஜெயிலில் ஆளைப் போய்ப் பார்ப்பதற்கு 'மனு பார்ப்பது' என்று பெயர். சேர்ந்த ஒரு வாரத்தில் அந்தச் சொல் உங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும்.) முதல் மாதம் வருவார்கள். அப்புறம் குறையும். அப்புறம் நின்றுபோகும்.

இந்தியச் சிறைகளில் நூறு பேரில் நான்கு பேர் அளவில்தான் பெண்கள். மொத்தக் கைதிகளில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். தீர்ப்பு இன்னும் வரவில்லை, ஊர் மட்டும் எப்போதோ தீர்ப்பு சொல்லி முடித்திருக்கும்.

(காட்சி: ஓரியூர் செம்மண்.)

மத்தேயு 25-ம் அதிகாரத்தில் "காவலிலிருந்தேன், என்னைப் பார்க்கவந்தீர்கள்" என்கிறார் இயேசு. பார்க்க வந்ததைத்தான் சொல்கிறார், பிரசங்கம் பண்ண வந்ததை அல்ல. ஓரியூருக்கு வேண்டுதலோடு போகிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அங்கே 1693 பிப்ரவரி 4-ல் வெட்டப்பட்ட புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ), அதற்கு முன் காவலில் கிடந்தவர், காவலிலிருந்தே கடிதம் எழுதியவர். புனிதரைக் கும்பிடுகிறோம், அவர் கைதியாக இருந்ததை மறந்துவிடுகிறோம்.

சரி, எப்படிச் சேருவது? தனியாகப் போய் ஜெயில் வாசலில் நிற்காதீர்கள், உள்ளே விடமாட்டார்கள். உங்கள் பங்குக் கோயிலிலோ சபையிலோ சிறைப்பணிக் குழு இருக்கிறதா என்று கேளுங்கள். குழுதான் சிறை அதிகாரிகளிடம் அனுமதி வாங்கும். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். போன் வெளியிலேயே போய்விடும். சோப்பு, நாப்கின், உள்ளாடை எதுவானாலும் முன்கூட்டிக் கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள். ஒரு துண்டுச் சீட்டைக்கூட ரகசியமாக உள்ளேயும் வெளியேயும் கடத்தாதீர்கள். உங்கள் இரக்கத்தால் குழுவின் அனுமதியே போய்விடும்.

உள்ளே போனதும் "என்ன கேஸ்?" என்று கேட்கக் கூடாது. போலீஸிடமும் கோர்ட்டிலும் அதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தவர்கள் அவர்கள். இந்துக்கள், முஸ்லிம்கள் எல்லாரும் வந்து உட்காருவார்கள். விரும்புகிறவர்களோடு ஜெபம் செய்யுங்கள், மதம் மாறச் சொல்லும் பேச்சே வேண்டாம். ஒரு மணி நேரம் கிடைத்தால் ஜெபத்துக்குக் கால் மணி போதும் என்பது என் கணக்கு. குழுவில் சிலருக்கு இதில் என்மேல் வருத்தம் உண்டு. ஆனால் மீதி நேரத்தில்தான் "சின்னவன் பள்ளிக்கூடம் போறானா அக்கா?" என்ற கேள்வி வரும். 6 வயது வரை பிள்ளையைத் தாயோடு சிறையில் வைத்திருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் சொன்னது. அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் பாட்டி வீட்டிலோ விடுதியிலோ இருப்பார்கள். அதிகாரிகளுக்குத் தெரிவித்துவிட்டு அந்தப் பிள்ளையைப் போய்ப் பார்த்து வந்து, "பல் விழுந்திருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவ்வளவு நேரம் பாடிய பாட்டைவிட அது நிற்கும்.

ஒரு தடவை நான் "அடுத்த வாரம் வர்றேன்" என்று சொல்லிவிட்டு, வீட்டு விசேஷம் என்று போகவில்லை. மறுவாரம் போனபோது, அந்தப் பெண் அன்றைக்குத் தலைவாரி உட்கார்ந்திருந்ததைப் பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அதிலிருந்து 'பார்க்கலாம்' என்று மட்டும்தான் சொல்கிறேன்.

(காட்சி: நீதிமன்ற வளாகம், மரத்தடி.)

பாதி வேலை வெளியில்தான். ஜாமீன் கிடைத்தும் கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் உள்ளேயே கிடக்கிறவர்கள் உண்டு. இரக்கப்பட்டு நீங்களே ஜாமீன்தாரராக நிற்காதீர்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு வழிகாட்டுங்கள். பெண்ணாக இருந்தாலே வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. பிணைப் பணம் கட்ட முடியாத ஏழை விசாரணைக் கைதிக்கு உதவ 2023-ல் வந்த மத்திய அரசுத் திட்டம் ஒன்றும் இருக்கிறது. இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர், இப்போது சாட்டப்பட்டுள்ள குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலம் உள்ளே இருந்துவிட்டால் விடுவிக்கக் கோரலாம் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம். மரண தண்டனை, ஆயுள் தண்டனை வரக்கூடிய வழக்குகளுக்கு இது பொருந்தாது. வேறு வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் சிக்கல்தான். வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

(காட்சி: இரவு, பாம்பன் பாலத்தின் மேல் போகும் பஸ். ஜன்னல் கண்ணாடியில் விளக்குகள்.)

விடுதலை உத்தரவு வந்து சேர்வதற்குள் பல நேரம் சாயங்காலம் ஆகிவிடும். வாசலில் யாரும் இருக்கமாட்டார்கள். அப்படி ஒருவரை நான் பஸ்ஸில் கூட்டி வந்தேன். மண்டபம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. பாலத்தில் ஏறியதும் சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு கேட்டார்: "அக்கா, முந்தின ஸ்டாப்புலயே எறங்கி நடந்துருவமா? இருட்டுக்குள்ள போனா யாரும் பாக்கமாட்டாக."

இறங்கினோம். காற்று பலமாக இருந்தது. வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர்.