'ஒஜே அன் கயோ' ஏன் தவறு? கொரிய மொழியில் 'போகவில்லை' சொல்லும் முறை

ஒரு நேயர் அனுப்பிய கேள்வியை வாசிக்கிறேன். "'நேற்று நான் போகவில்லை' என்பதைக் கொரிய மொழியில் 'ஒஜே அன் கயோ' என்று எழுதினேன். தவறு என்று சொல்லிவிட்டார்கள். 'ஒஜே' என்றால் நேற்று, 'அன்' என்றால் இல்லை, 'கயோ' என்றால் போகிறேன். பிழை எங்கே இருக்கிறது?"

பிழை நம் தமிழில் தொடங்குகிறது. 'போனேன்' என்று சொல்லும்போது அதில் இறந்தகாலம் இருக்கிறது. 'போகவில்லை' என்று மாற்றினால் அது எங்கே போயிற்று? 'போக' என்பதற்குக் காலமே கிடையாது. 'நேற்றுப் போகவில்லை' என்கிறோம், 'நான் போகவில்லை, நீ போய் வா' என்றும் சொல்கிறோம். காலத்தை இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். கொரிய மொழி இதற்கு இடம் தராது. அங்கே 'போனேன்' என்பது 'கஸ்ஸொயோ'. அதை அப்படியே வைத்துக்கொண்டு முன்னால் 'அன்' சேர்க்க வேண்டும்: 'அன் கஸ்ஸொயோ'. நீங்கள் எழுதிய 'அன் கயோ' என்பதற்குப் 'போவதில்லை', 'போகமாட்டேன்' என்று பொருள். 'நேற்றுப் போகமாட்டேன்' என்று எழுதியிருக்கிறீர்கள்.

நானும் இதில் தடுக்கி விழுந்திருக்கிறேன். சியோல் நகரில் வாடகைக்கு இருந்த வீட்டின் அம்மா ஒரு மாலை, "பாப் மொகொஸ்ஸொயோ?" என்று கேட்டார். சாப்பிட்டாயா என்று நாம் விசாரிப்போமே, அதே அன்புதான். இன்னும் சாப்பிடவில்லை என்று சொல்ல நினைத்து "அன் மொகொயோ" என்றேன். அவர் கையில் எடுத்த கிண்ணத்தை மெல்லக் கீழே வைத்துவிட்டு, பானையை மூடினார். அறைக்குத் திரும்பி நோட்டைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது, 'சாப்பிடமாட்டேன்' என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன். மறுநாள் நானே போய், "அஜிக் அன் மொகொஸ்ஸொயோ" என்றேன். 'அஜிக்' என்றால் 'இன்னும்'. சிரித்துக்கொண்டே சோறு போட்டார்.

அடுத்தது 'மோத்'. செய்யவில்லை என்றால் 'அன்', செய்ய முடியவில்லை என்றால் 'மோத்'. 'அன் ஜஸ்ஸொயோ' என்றால் நேற்றிரவு தூங்கவில்லை. வேலை இருந்திருக்கலாம், விழித்திருந்தேன். 'மோத் ஜஸ்ஸொயோ' என்றால் படுத்தும் தூக்கம் வரவில்லை. ஒருவர் வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் இருந்துவிட்டு, அவரிடமே 'அன் கஸ்ஸொயோ' என்றால் மனமில்லாமல் நின்றுவிட்டதாக அவருக்குப் படும். 'மோத் கஸ்ஸொயோ' என்றால் வருத்தம் சொல்லாமலே புரியும். நாமும் 'வரவில்லை' என்பதற்கும் 'வர முடியவில்லை' என்பதற்கும் இந்த வேறுபாட்டைப் பார்க்கிறோம் அல்லவா?

இந்த 'மோத்' காதில் விழும்போது உருமாறும். 'மோத் மொகொஸ்ஸொயோ' என்று எழுதுவதை 'மோன் மொகொஸ்ஸொயோ' என்றுதான் சொல்வார்கள். சத், மார்க்கம் இரண்டும் சேர்ந்து சன்மார்க்கம் ஆகிறதே, அதே புணர்ச்சி. இதை அறியாமல் கேட்டால் ஏதோ புதுச் சொல் என்று தோன்றும்.

'அன்' எங்கே நிற்கும் என்பதையும் கவனியுங்கள். 'கோங்பு ஹெஸ்ஸொயோ' என்றால் படித்தேன். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'படிப்புச் செய்தேன்'. இங்கே 'அன்' நடுவில் வரும்: 'கோங்பு அன் ஹெஸ்ஸொயோ'. 'வேலை செய்யவில்லை' என்பதில் நாமும் 'செய்' என்பதைத்தானே மறுக்கிறோம். ஆனால் 'ஜோவாஹெஸ்ஸொயோ', அதாவது விரும்பினேன், ஒரே சொல். அதைப் பிளக்காமல் முன்னால் வையுங்கள்: 'அன் ஜோவாஹெஸ்ஸொயோ'. 'அன் கஸ்ஸொயோ' என்பதற்கு 'கஜி அனஸ்ஸொயோ' என்ற நீண்ட வடிவமும் உண்டு. பொருள் அதேதான், எழுத்தில் அதிகம் பார்ப்பீர்கள். பேச இப்போதைக்குக் குறுகிய வடிவமே போதும்.

தமிழர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதியும் இருக்கிறது. "அன் கஸ்ஸொயோ?", அதாவது 'போகவில்லையா?' என்று கேட்டால், "நே, அன் கஸ்ஸொயோ" என்பார்கள்: 'ஆமாம், போகவில்லை'. போயிருந்தால் "அனியோ, கஸ்ஸொயோ": 'இல்லை, போனேன்'. ஆங்கிலம் வழியாகப் படித்தால் இங்கே குழப்பம் வரும். தமிழிலேயே யோசியுங்கள், சரியாக வந்துவிடும்.

இனி உங்கள் வாக்கியம். மனமில்லாததால் போகவில்லை என்றால் 'ஒஜே அன் கஸ்ஸொயோ'. மழையோ காய்ச்சலோ தடுத்திருந்தால் 'ஒஜே மோத் கஸ்ஸொயோ'.