ஏற்றம் பாட்டில், இறக்கம் விளம்பரத்தில்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய பாட்டு போடும் நிலையங்களுக்கு ஒரு புகார் ஓயாமல் வரும். "பாட்டெல்லாம் நல்ல பாட்டுதான், ஆனா கேக்கக் கேக்க அலுப்பா இருக்கு." அந்தப் பாட்டுகளைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் ஒன்றுகூடச் சோடை போகாது. கோளாறு முழுக்க, ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் அந்த இரண்டு விநாடியில் இருக்கிறது. இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான். நிலையத்தில் வேலை பார்க்கிறவர்கள், சமுதாய வானொலியில் பழகுகிற கல்லூரிப் பிள்ளைகள், கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மைக் செட் போடுகிறவர்கள், எல்லோருக்கும் உதவும்.

வேலூர்ப் பக்கம் ரேடியோ கேட்கிறவர்கள் யார் யார்? குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் பீடி சுற்றுகிற பெண்கள் இருக்கிறார்கள். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகிற வண்டிகள் இருக்கின்றன. ஆம்பூர், வாணியம்பாடியில் வீட்டுக்குள் உருது பேசுகிற குடும்பங்கள் நிறைய. காட்பாடி தாண்டிச் சித்தூர் எல்லைப் பக்கம் போனால் தெலுங்கு. வேலூர் காந்தி ரோட்டு லாட்ஜுகளில், சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வந்த வங்காளிகள் தங்கியிருக்கிறார்கள். இத்தனை பேரும் ஒரே அலைவரிசையில் காது வைத்திருக்கும் ஊரில், ஒரே காலத்துப் பாட்டை மட்டும் போட்டால் கட்டுப்படியாகாது. கலந்துதான் ஆக வேண்டும்.

கலப்பதற்குக் கனடாக்காரர்கள் ஒரு வழி காட்டினார்கள். அந்தப் பக்கத்து ஹிட் பாட்டு நிலையங்கள் பொறுக்கி எடுத்த சில நூறு பாட்டுகளையே சுற்றிச் சுற்றிப் போடும். 2002-இல் வின்னிபெக்கில் பாப் என்றும் வான்கூவரில் ஜாக் என்றும் ஆள் பெயரிலேயே நிலையங்கள் கிளம்பின. ஆயிரத்துக்கு மேல் பாட்டு. எதற்குப் பின் எது வரும் என்று யூகிக்க முடியாத வரிசை. அது அமெரிக்காவிலும் பரவியது. அதை இங்கே அப்படியே எடுத்துப் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அவர்கள் கலப்பது பெரும்பாலும் 1970-க்குப் பிறகான ஸ்டீரியோ பதிவுகள், அதாவது இடது வலது என்று இரண்டு தடத்தில் பிரிந்து ஒலிப்பவை. நாம் 1950-களிலிருந்து தொடங்குகிறோம்.

அந்தக் காலத்து 78 வேக (நிமிடத்துக்கு 78 சுற்று) இசைத்தட்டில், 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிடம்தான் அடங்கும். நீளமான பாட்டை இரண்டு பக்கமாக உடைத்தார்கள். பாடுகிறவரும் வாசிக்கிறவர்களும் ஒரே நேரத்தில் ஒலிக்க, அத்தனையும் மோனோவில், அதாவது ஒரே தடத்தில், பதிவாகும். விஸ்வநாதன்–ராமமூர்த்தி 1965-இல் பிரிந்த பிறகும் பல ஆண்டுகள் தமிழ்ப் பாட்டின் ஒலி இப்படியே இருந்தது. குரல் முன்னால் நிற்கும், வாத்தியம் அதன் பின்னால், அடித்தொனி (பேஸ்) குறைவு. 1976-இல் அன்னக்கிளியோடு இளையராஜா வருகிறார். 1978-இல் பிரியா படத்துப் பாட்டுகள் ஸ்டீரியோவில் வருகின்றன. பேஸ் கிதார் தனியாகக் காதில் விழத் தொடங்குகிறது. 1992-இல் ரோஜாவோடு ரஹ்மான் வந்ததும் அடித்தொனி இன்னும் கீழே இறங்கிவிடுகிறது.

இதனால் ஒரு விதி பிறக்கிறது, என் கணக்கில் இதுதான் முதல் விதி. பழையதிலிருந்து புதியதுக்குப் போனால் காது வலிக்காது. ஒலி விரிந்துகொண்டே போகும். புதியதிலிருந்து பழையதுக்குப் போனால் காது ஏமாந்துபோகும். 1995-இல் வந்த பாட்டு முடிந்த கையோடு 1955-இல் வந்த பாட்டைத் தொடுங்கள். கேட்கிறவர் ரேடியோவில் ஏதோ கோளாறு என்று நினைத்து வால்யூமைத் திருகுவார். மூன்று நிமிடம் கழித்து விளம்பரம் அலறும், உடனே நிலையத்தை மாற்றிவிடுவார். ஆகவே பாட்டுக்குப் பாட்டு ஏறுங்கள். இறங்குவதை விளம்பரத்திலோ பேச்சிலோ வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிட விளம்பரத்துக்குப் பின் 1955 வந்தால் யாருக்கும் மெலிவாகப் படாது, ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய பாட்டின் ஒலி காதில் மிச்சம் இருக்காது.

ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம். விளம்பரம் 10 நிமிடம், பேச்சு 5 நிமிடம், ஜிங்கிளும் (நிலையத்தின் பெயர் சொல்லும் குட்டி இசை) நேர அறிவிப்பும் 1 நிமிடம். மீதி 44. ஒரு பாட்டுக்குச் சராசரி நாலரை நிமிடம் என்றால் 9 பாட்டுக்கு நாற்பதரை நிமிடம் போகும். மிச்சம் மூன்றரை. அந்த இடத்தில் ஒரு 78 தட்டுப் பாட்டு சரியாக உட்காரும். மணி அடிப்பதற்கு முன் பாட்டைப் பாதியில் வெட்டுகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. சரணத்தில் வெட்டு வாங்கிய பாட்டைக் கேட்கிறவர்கள் மன்னிப்பதில்லை. கைவசம் இருபது சின்னப் பாட்டுகளை நீளத்தோடு குறித்து வைத்திருந்தால் வெட்டவே வேண்டாம்.

பத்துப் பாட்டையும் மூன்று கட்டாக வைத்து, ஒவ்வொரு கட்டும் பழையதில் தொடங்கி ஏறட்டும். ஒரு கட்டுக்குள் இருபது வருடத்துக்கு மேல் ஒரே தாவலில் தாண்டாமல் இருப்பது நல்லது.

அடுத்து சுருதி, அதாவது பாட்டு நிற்கும் அடிப்படைச் சுரம். அதை ஆர்மோனியக் கட்டை எண்ணால் சொல்வோம். 5 கட்டையில் முடிகிற பாட்டுக்குப் பின் ஐந்தரைக் கட்டைப் பாட்டு வந்தால் அபசுரம் போல் உறுத்தும். கேட்கிறவருக்குக் காரணம் தெரியாது, முகம் மட்டும் சுளிக்கும். 1 கட்டையிலிருந்து 5-க்குப் போனால் பஞ்சமம், 4-க்குப் போனால் மத்திமம், இரண்டும் இதமாகச் சேரும். ஒரு ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாட்டுக்கும் தொடக்கச் சுருதியும் முடிவுச் சுருதியும் பட்டியலில் எழுதிவிடுங்கள். ஐந்நூறு பாட்டுக்கு எழுதுவது பெரிய வேலைதான், ஆனால் ஒருமுறை எழுதினால் போதும். அரைக் கட்டை இடித்தே தீரும் என்றால் நடுவில் நாலு வார்த்தை பேசுங்கள். பேச்சு சுருதியை அழித்துவிடும்.

சுருதி எழுத உட்காரும்போது இன்னொரு குட்டு வெளிப்படும். சில பாட்டு எந்தக் கட்டையிலும் நிற்காமல் இரண்டு கட்டைக்கு நடுவில் தொங்கும். கேசட்டிலிருந்து மாற்றிய பாட்டாக இருந்தால் முதலில் வேகத்தைச் சந்தேகப்படுங்கள். டெக் 3 சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி ஏறத்தாழ கால் கட்டை, அதாவது ஒரு அரைச்சுரத்தில் பாதி, ஏறிவிடும். மூன்றரை நிமிடப் பாட்டில் ஆறு விநாடி குறையும். வேறொரு பிரதியோடு நீளத்தை ஒப்பிட்டால் பிடிபட்டுவிடும். டி.எம்.எஸ். குரல் இளைத்துக் கேட்டாலே இதுதான் என்று பாதி முடிவு செய்துவிடலாம்.

சத்த அளவில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். எல்லாப் பாட்டையும் உச்ச அளவுக்கு ஏற்றிச் சமப்படுத்துகிறோம் என்பார்கள். பழைய தட்டில் ஒரு கீறல் இருக்கும், டக் என்று ஒரு சத்தம். மென்பொருள் அந்த டக்கை உச்சமாக எடுத்துக்கொண்டு அதோடு நின்றுவிடும். பாட்டு தாழ்வாகவே கிடக்கும். அளக்க வேண்டியது உச்சத்தை அல்ல, காது உணர்கிற சராசரிச் சத்தத்தை. எல்.யு.எஃப்.எஸ். என்ற அலகில் மைனஸ் 23 என்று வைத்துக்கொண்டால் போதும். காசில்லாமல் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருளிலேயே இதற்கு ஒரு கருவி உண்டு. அதில் மோனோவை இரட்டை மோனோவாகக் கணக்கிடு என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் போடாவிட்டால், ஒரே தடமாக இருக்கும் பழைய பாட்டு இரண்டு ஸ்பீக்கரில் ஓடும்போது மற்றதைவிட 3 டெசிபல் தூக்கலாக வரும். மைக் செட்காரர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பழைய பாட்டு மெலிவாக இருக்கிறதே என்று பேஸைக் கூட்டாதீர்கள். அங்கே கூட்டுவதற்குப் பாட்டு இல்லை. மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் உறுமல்தான் எழுந்து வரும். இரைச்சல் நீக்கும் கருவியையும் அளவாகத் தொடுங்கள். அதிகமானால் வயலினும் தம்புராவும் தண்ணீருக்குள்ளிருந்து ஒலிப்பது போல் ஆகிவிடும். கொஞ்சம் இரைச்சலோடு முழுக்குரல் கேட்பதையே நான் விரும்புவேன்.

போலி ஸ்டீரியோ தனித் தலைவலி. மோனோப் பாட்டை வலது இடதாகப் பிரித்து, ஒரு பக்கம் சற்றுத் தாமதம் சேர்த்து விற்ற பதிப்புகள் நிறைய உண்டு. இயர்போனில் அகலமாகத்தான் கேட்கும். நம் பக்கம் மலைகள் சூழ்ந்த நிலம். மலை மறைவில் எஃப்.எம். சிக்னல் குறைந்ததும் பெட்டி தானாக மோனோவுக்கு மாறும். அப்போது இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று மோதி, பாட்டு குழாய்க்குள் ஒலிப்பது போல் வெறும் கூடாகிவிடும். ஒரு பக்கத்து ஒலி அலை தலைகீழாகப் பதிவாகியிருந்தால் குரலே காணாமல் போகும். மருந்து சுலபம்: இரண்டு தடத்தில் தெளிவான ஒன்றை மட்டும் எடுத்து இரண்டு பக்கமும் வையுங்கள். 1978-க்கு முன் வந்த தமிழ்ப் பாட்டு அகலமாகக் கேட்டால் இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒலிபரப்பாதீர்கள்.

ஒரே பாட்டு திரும்பி வரும் கணக்குக்கு வருவோம். காலை 6 முதல் நள்ளிரவு 12 வரை 18 மணி நேரம், 1965–75 வகையில் மணிக்கு 3 பாட்டு என்றால் ஒரு நாளைக்கு 54. அந்த வகையில் 108 பாட்டு வைத்து வரிசையாகச் சுற்றினால் சரியாக இரண்டு நாளில், அதே மணிக்கு, அதே பாட்டு வரும். பத்து மணிக்கு இலை வெட்ட உட்காரும் பீடித் தொழிலாளிக்கு ஒன்றுவிட்ட ஒரு நாள் அதே பாட்டு. "எப்பப் பாத்தாலும் இதே பாட்டு" என்ற புகார் பிறப்பது இங்கேதான். 115 பாட்டாக்குங்கள். இரண்டு நாள் தாண்டி ஏழு இடம் தள்ளிப்போகும், அதாவது 2 மணி 20 நிமிடம் கழித்து வரும். பாட்டைக் குறைத்தாலும் கூட்டினாலும் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்க்காமல் விடாதீர்கள்.

பாடகர் இடைவெளி தமிழில் கஷ்டம். 60-களில் ஆண் குரல் என்றால் பெரும்பாலும் டி.எம்.எஸ்., 80-களில் எஸ்.பி.பி. ஒரு மணிக்கு ஒருமுறைதான் ஒரு குரல் என்று சட்டம் போட்டால் பெட்டி காலியாகிவிடும். ஒட்டி வரக் கூடாது, அவ்வளவு போதும். இசையமைப்பாளருக்கும் அதே அளவுதான்.

வேண்டுமென்றே ஒட்டி வைக்கலாம் என்பதற்கு நம் ஊரிலேயே ஆள் இருந்தார். 2023-இல் மறைந்த பாடகி வாணி ஜெயராம் 1945-இல் வேலூரில் பிறந்தவர். 1974-இல் எம்.எஸ்.வி. இசையில் பாடிய "மல்லிகை என் மன்னன் மயங்கும்" பாட்டையும், 1978-இல் முள்ளும் மலரும் படத்தில் இளையராஜா இசையில் பாடிய "நித்தம் நித்தம் நெல்லுச்சோறு" பாட்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள். முதல் பாட்டில் குரல் நிதானமாக நீளும். இரண்டாவதில் அதே குரல் சோற்றுக்கும் குழம்புக்கும் ஏங்கும் கிராமத்துப் பெண்ணாகிவிடும். நாலு வருடத்தில் இசை எங்கே நகர்ந்தது என்பது குரல் மாறாததால் பளிச்சென்று தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஜிங்கிள் வேண்டாம். முதலாவதை முழுக்க முடியவிட்டு, ஒரு விநாடி மௌனம் விட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். இரண்டும் முடிந்த பிறகு பெயர் சொல்லுங்கள்.

வேற்றுமொழிப் பாட்டுக்கும் அவரே வாசல். தேசிய விருது மூன்று முறை. அபூர்வ ராகங்கள் தமிழ், மற்ற இரண்டும் தெலுங்குப் படங்கள். அதில் ஒன்று சங்கராபரணம். இந்தியில் 1971-இல் "குட்டி" (Guddi) என்ற படத்தில் பாடித்தான் நாடறியப் பெயர் வாங்கினார். தமிழ் நேயருக்குத் தெரிந்த குரல் தெலுங்கிலும் இந்தியிலும் வந்தால் யாரும் நிலையத்தை மாற்றமாட்டார்கள். பொதுவாக மணிக்கு ஒரு வேற்றுமொழிப் பாட்டு போதும். அதை விளம்பரத்துக்குப் பின் முதல் பாட்டாக வைத்துவிடாதீர்கள். அப்போதுதான் புதிதாகப் பலர் பெட்டியைத் திறந்திருப்பார்கள். நன்றாகத் தெரிந்த இரண்டு பாட்டுக்கு நடுவில் வையுங்கள்.

முன்னிசை மேல் பேசுகிறவர்களுக்கு ஒன்று. பாட்டுக்குப் பாட்டு குரல் எத்தனையாவது விநாடியில் எழுகிறது என்று எழுதி வைத்து, அதற்கு இரண்டு விநாடி முன்பே நிறுத்திவிட வேண்டும். புல்லாங்குழலோ வீணையோ தனியாக வரும் முன்னிசை மேல் பேசவே கூடாது, அதுவும் பாட்டுதான். பேச வேண்டியதையும் நம் பழைய அறிவிப்பாளர்கள் ஏற்கெனவே வகுத்து வைத்திருக்கிறார்கள்: படம், பாடியவர், எழுதியவர், இசை. இந்த நாலையும் சொல்ல எட்டு விநாடி போதும். இப்போது எழுதியவர் பெயரைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். அதை விடாதீர்கள்.

கடைசியில், தொகுத்த ஒரு மணி நேரத்தை நிலையத்துப் பெரிய ஸ்பீக்கரில் கேட்டுத் திருப்திப்படாமல், சின்னப் போன் ஸ்பீக்கரில், மோனோவில், மின்விசிறி ஓடுகிற அறையில் கேளுங்கள். முழுப் பாட்டும் வேண்டாம், ஒவ்வொரு பாட்டின் கடைசி இருபது விநாடியும் அடுத்ததின் முதல் இருபது விநாடியும் மட்டும். பத்துப் பாட்டுக்கு ஒன்பது ஒட்டு, ஆறு நிமிட வேலை. கை வால்யூமைத் தேடிப் போகிற இடத்தைக் குறித்துக்கொண்டு, அந்த இரண்டு பாட்டின் வரிசையை மாற்றுங்கள்.

வணக்கம்.